நான் கொப்பி எடுத்த ஜனாதிபதி

போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவளுக்கு மற்றவர்களின் கவலை எல்லாம் தாளின் இரண்டு பக்கமும் அச்சாகித்தான் கைக்கு வரும்.

பாரிஸில் ரூ காய் என்ற தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. விசாக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், அகதிக் கேஸ் எல்லாம் இந்த மெஷினுக்குள்ளால் போய் வந்திருக்கின்றன. வாசிக்கக்கூடாது என்பதுதான் என் கொள்கை. ஆனால் மற்றவர்களின் காகிதத்தோடு மாரடிக்கிறவர்களுக்குத் தெரியும், கண் கொள்கையைக் கேட்பதில்லை. போன வருசம் ஒரு ஜனாதிபதியின் சரித்திரம் முழுவதையும் நான் அப்படித்தான் வாசித்தேன்.

ஒரு பக்கப் பாடம்

ரஃபாயேல் என்பவர் வந்தது ஒரு மழைநாளில். மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. பெயரை எங்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கையில் நாலு பள்ளிக்கூடப் புத்தகங்கள். எல்லாம் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு பதிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரே பாடத்தை, 'எங்கள் ஜனாதிபதி', தன் அகதிக் கேசுக்காகக் கொப்பி எடுக்கக் கேட்டார். பாடத்தை எழுதியவரே அவர்தானாம். கல்வி அமைச்சுக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்த வாத்தியார்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவர் விரலை வைத்து வைத்துப் பிரெஞ்சில் சொன்னார். இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை என்றபடியால் மெதுவாகக் கதைத்தோம். ஜனாதிபதி, கோப்பித் தோட்டத்தில் மூட்டை சுமந்த ஒருவரின் மகன். இருபது வயதில் நாலு நண்பர்களோடு மலைக்குப் போய், நாட்டை ஆண்ட ஜெனரலுக்கு எதிராகத் துவக்குத் தூக்கியவர். பக்கத்தின் நடுவில் ஐந்து பெடியன்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். "பொய்யெல்லாம் எழுத வைத்தார்களா?" என்று கேட்டேன்.

"இல்லை மதாம். இந்த ஒரு பக்கத்தை நான் சந்தோஷமாகத்தான் எழுதினேன். இது முழுக்க உண்மை."

மெஷினில் பிழை

இரண்டாவது புத்தகத்தை வைத்தேன். படத்தில் ஒரு ஆள் குறைவு. ஓரம் வெட்டுப்படுகிறது என்று நினைத்து, தாளை நகர்த்தி நகர்த்தி மூன்று தரம் எடுத்தேன். மூன்றாவது புத்தகத்தில் இன்னொருவரும் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு பதவித் தவணையோடு இறங்குவேன் என்று சொன்ன ஜனாதிபதி, சட்டத்தை மாற்றி மூன்றாம் தவணைக்கு நின்றபோது, "ஏன்?" என்று கேட்டவர் படத்தில் முதலில் காணாமல் போன நண்பர். அதைத் தன் பத்திரிகையில் எழுதியவர் இரண்டாமவர். மனைவியை உபஜனாதிபதியாக்காதே என்று சொன்னவர் மூன்றாமவர். ஒவ்வொருவரும் சிறைக்கோ பிறநாட்டுக்கோ போனதும் புதுப் பதிப்பு வரும். திருத்தத்துக்கு ரஃபாயேல் ஒப்பம் வைப்பார்.

"மெஷின் சரியாகத்தான் எடுக்கிறது, மதாம். குறைந்தது ஆட்கள்."

சிவராசா அண்ணையின் கேள்வி

வரிசையில் பின்னால் நின்றவர் சிவராசா அண்ணை. பக்கத்து ரெஸ்டோரண்டில் சமைக்கிறவர். வதிவிட விசாக் கார்டைக் கொப்பி எடுக்க வந்தவர். காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றவர், பொறுக்கமுடியாமல், "பிள்ளை, உந்த ஜனாதிபதி தொடக்கத்திலையே உப்பிடித்தானோ எண்டு கேள்," என்றார்.

கேட்டேன். ரஃபாயேல் இல்லையென்று தலையாட்டினார். ஜெனரல் ஓடி இவர் ஜனாதிபதியான முதல் வருசம் மாளிகைக் கார்களை விற்றுப் பள்ளிக்கூடங்களுக்கு மேசை வாங்கினாராம். மலைக்கிராமங்களுக்கு டாக்டர்மாரை அனுப்பினாராம். ஒருநாள் ரஃபாயேலின் வீட்டுக்கு வந்து, குசினியில் நின்றபடியே அவித்த சோளம் சாப்பிட்டாராம். சொல்லச் சொல்ல ரஃபாயேலின் முகம் மலர்ந்தது. பிறகு அதற்காகவே வெட்கப்பட்டது. நான் தமிழில் சொல்லி முடித்தேன். சிவராசா அண்ணை வந்த வேலையை மறந்து நின்றார்.

"கள்ளனாய் வந்தவனை ஊர் அடிச்சுக் கலைச்சுப்போடும். காப்பாத்த வந்தவனை எப்பிடிப் பிள்ளை கலைக்கிறது?"

கைபேசியில் இருந்த தாள்

நாலாவது புத்தகத்தில் ஜனாதிபதியும் இன்னொருவரும் மட்டும். அந்த இன்னொருவர் ரஃபாயேலின் அண்ணன். பெயர் தொமாஸ், டாக்டர். ஜனாதிபதி ஐந்தாவது தடவை பதவிக்கு நின்றதை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியபோது, சுடுபட்ட பிள்ளைகளுக்குத் தொமாஸ் தேவாலயம் ஒன்றுக்குள் வைத்து மருந்து கட்டினார். அதற்காக அவரைப் பிடித்தார்கள். ஏழு மாதம் கழித்து ஆணியடித்த சவப்பெட்டி ஒன்றை வீட்டுக்கு அனுப்பினார்கள். திறக்க அனுமதி இல்லை.

அடுத்த கிழமை புதுப் பதிப்பின் அச்சுப்படி வந்தது. படத்தில் ஜனாதிபதி மட்டும். 'நாலு நண்பர்களோடு' என்ற இடத்தில் 'தன்னந்தனியாக'. ரஃபாயேல் ஒப்பம் வைக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால், "ஐந்து பேர். என் அண்ணனும்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டு, வாழைக்காய் லொறி ஒன்றில் எல்லை தாண்டினார். துரோகிகள் பட்டியலில் அவர் பெயரைத் தொலைக்காட்சியில் வாசித்து, குடியுரிமையையும் பறித்தார்கள். அந்த அச்சுப்படியை அனுப்பமுன் கைபேசியில் எடுத்த படத்தைத்தான் எனக்குக் காட்டினார். பென்சில் எழுத்து மங்கலாய் இருந்தது.

"மூன்று தரம் பயத்தில் ஒப்பம் வைத்தேன், மதாம். இதைக் கொஞ்சம் கறுப்பாக எடுங்கள்."

லோயர் வேண்டாம் என்றது

அவர் ஒப்பம் வைத்த மூன்று திருத்தத் தாள்களும் காகிதக் கட்டுக்குள் இருந்தன. அவற்றைச் சேர்க்காதே, அரசாங்கத்தின் ஆள் என்று நினைத்துக் கேசைத் தள்ளிவிடுவார்கள் என்று லோயர் சொல்லியிருந்தாராம். நானும் அதையேதான் சொன்னேன். கேஸ் தள்ளுப்பட்ட கடிதங்களை எத்தனை பேருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

அவர் தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மெஷின்மேல் வைத்தார்.

"இவற்றை விட்டால், நானும் என் படத்தை வெட்டியவன் ஆகிவிடுவேன்."

பதில் வந்த நாள்

எட்டு மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பொண்டி என்ற புறநகரில் இருந்து ரயில் ஏறி வந்தார். கடிதத்தை நீட்டினார். கேசை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்த அதிகாரி அம்மா அந்த மூன்று தாள்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டாராம். இவர் "பயம்" என்று ஒரே சொல்லில் பதில் சொன்னாராம். நான் சந்தோஷத்தில் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

பிரெஞ்சில் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டி விளக்கம் கேட்டார். இந்தக் கார்டோடு சொந்த நாட்டுக்குப் போகமுடியாது என்று அதில் இருந்தது. அதை நான் எப்படி மெதுவாகச் சொல்வது? சொன்னேன். ஜனாதிபதி ஆறாம் தடவையும் நிற்கப்போகிறார் என்று அன்றைக்குத்தான் செய்தி வந்திருந்தது. ரஃபாயேல் கடிதத்தை மடித்து உட்பையில் வைத்தார்.

"அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபது. இனி யார் முதலில் போவது என்பதுதான் கேள்வி, மதாம்."

ஜனாதிபதிமாருக்குப் புரியாத ஒரு விசயம் எங்களைப் போன்ற கடைக்காரருக்கு நல்லாய்ப் புரியும்: ஒரு காகிதத்தை இல்லாமல் செய்வதற்கு ஒரு அரசாங்கமே வேண்டும், இன்னொன்று எடுப்பதற்கு ஒரு பொத்தான் போதும்.