மாமி அக்சிலேட்டரை மிதித்த நாள்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது நடந்தது இது. இடம், புத்தளம்–சிலாபம் வீதியில் முந்தலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு இறால் பண்ணை வாசல்.

மூன்று வருடங்களாகக் கட்டாரில் வேலை செய்த என் கணவர் அன்று பகல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். அவரைக் கூட்டிவர நானும் அவருடைய உம்மாவான மாமியும் காலையிலேயே கற்பிட்டியிலிருந்து புறப்பட்டுவிட்டோம். வேனில் அல்ல, என் கணவருடைய பழைய டர்போ காரில்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆசைப்பட்டு வாங்கியது, தொண்ணூறுகளில் வந்த ஜப்பான் கார். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாலாவிச் சந்தி வருவதற்குள் கொதித்துவிடும். அவர் வெளிநாடு போன பிறகு வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றுதான். எனக்கு மனம் வரவில்லை. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும், தேடினால் அகப்படும் என்பது எனக்குப் பழக்கமான விஷயம்.

கராஜில் ரேடியேட்டரைக் கழற்றியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் அடியில் படிவதுபோல உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்து குழாய்களில் பாதி அடைபட்டிருந்தது. வருடக்கணக்காக எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியதன் பலன். ரேடியேட்டரையும் ஹோஸ்களையும் தேர்மோஸ்டாட்டையும் மாற்றினோம். காற்றாடியும் ஒழுங்காகச் சுழலத் தொடங்கியது. அதற்குப் பிறகு புத்தளத்துக்குப் பல தடவை போய்வந்தேன். சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசையவில்லை. இவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் காட்டி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அங்கேதான் ஆசை கொஞ்சம் கூடிப்போனது. எல்லாமே புதிதாக இருக்கட்டும் என்று, புறப்படுவதற்கு முதல்நாள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டை நானே மாற்றினேன். போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தேன். பழையதை வடித்து, புதியதை ஊற்றி, மூடியை இறுக்கியதும் வேலை முடிந்தது என்று வீடியோவையும் நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. பார்க்கவில்லை.

மாமி முன்சீட்டில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு வந்தார். பாலாவி தாண்டி முந்தலை நெருங்கியதும், "ஓடுதுதான்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய காரியம். நான் சிரித்துவிட்டு முள்ளைப் பார்த்தேன். நடுவில் இல்லை. ஏறிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கச் சிவப்பைத் தொட்டது.

காரைப் பண்ணை வாசலில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினேன். பொனட்டைத் திறந்ததும் அனல் அடித்தது. ஒரு துணியை எடுத்து ரேடியேட்டர் மூடியில் வைத்துத் திருகப் போனேன்.

"ஏய் நங்கி! கைய எடு! தொறக்க வேணாம்!"

இறால் குளத்து அணையிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை சேறு. சிங்களவர், நங்கி என்றால் அவர்கள் பாஷையில் தங்கச்சி, ஆனால் தமிழும் நன்றாகக் கதைத்தார். பண்ணையில் தண்ணீர்ப் பம்புகளைப் பார்ப்பவராம். "இப்ப தொறந்தா கொதி தண்ணி மூஞ்சில அடிக்கும் நங்கி. ஒரு கண்ணும் மிஞ்சாது" என்றார்.

துணியைக் கீழே போட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"நான் அப்பயே சொன்னேன், வேன் ஒண்டு பிடிப்பம் என்டு" என்றார் மாமி. "இப்ப என்ட புள்ள அங்க தனியா நிக்கப் போறான்."

அந்த மனிதர் வேனுக்குப் போன் எடுக்கட்டுமா என்று கேட்டார். வேனில் போனால் நேரத்துக்குப் போகலாம். ஆனால் இந்தக் காரை வீதியோரத்தில் விட்டுவிட்டுப் போய் என் கணவர் முன்னால் எப்படி நிற்பது?

"இதுக்குக் கடைசியா என்ன செஞ்ச?" என்று கேட்டார் அந்த மனிதர். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எனக்குக் கார் வேல தெரியாது. ஆனா எங்கட பம்பு பைப்புக்குள்ள காத்து நிண்டா, எஞ்சின் ஓடும், தண்ணி ஓடாது. இதுலயும் காத்து நிக்கலாமா?"

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. எஞ்சினில் சுடுகிற அதே தண்ணீர்தான் காருக்குள் இருக்கும் ஹீட்டருக்கும் போகிறது, அது ஓடினால் ஹீட்டரும் சுட வேண்டும். ஓடிப்போய் ஒரு நிமிடம் மட்டும் எஞ்சினைப் போட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். வெளியே அனல் பறக்கிறது, ஹீட்டரிலோ பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்த காற்று. எஞ்சினை நிறுத்தினேன். காற்றுத்தான். வீடியோவின் மீதியைப் பார்க்காமல் நான் அடைத்துவைத்த காற்று.

"வேன் வேணாம்" என்றேன்.

சூடு ஆறும் வரை காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான முக்கால் மணித்தியாலம் வேறில்லை. பிறகு மூவருமாகக் காரைத் தள்ளி, காற்று மேலே வரட்டும் என்று முன்பக்கம் உயரும்படி அணைச் சரிவில் ஏற்றினோம். அவர் சில்லுகளுக்குக் கல் வைத்தார். பக்கத்துக் கால்வாயிலிருந்து தண்ணீர் எடுக்கலாமா என்று மாமி கேட்க, "அம்மே, அது உப்புத் தண்ணி!" என்று அந்த மனிதர் சொல்லிவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த பில்டர் தண்ணீரைப் போத்தலோடு கொண்டுவந்தார். டிக்கியில் மீதிக் கூலன்டும் இருந்தது.

மூடியைத் திறந்து நிரப்பினேன். இனி எஞ்சின் ஓட வேண்டும், நான் ஹோஸை அமுக்க வேண்டும், அவர் ஊற்ற வேண்டும். அக்சிலேட்டருக்கு ஆள் இல்லை.

"மாமி, நீங்கதான்."

"அல்லாஹ்! என்னயா?"

"கியர்ல இல்ல மாமி, ஓடாது. நான் சொல்றப்ப மெதுவா மிதிங்க."

மாமி பிஸ்மி சொல்லி ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். முதல் மிதியில் டர்போ உறுமியது. பண்ணைக் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "மெதுவா!" என்று நாங்கள் இருவரும் கத்தினோம். பிறகு மாமிக்குப் பிடிபட்டுவிட்டது. தையல் மெஷின் போல ஒரே சீராக மிதித்தார். நான் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி வந்தது. இன்னொன்று. பிறகு குபுக்கென்று பெரிதாக ஒன்று வந்து, தண்ணீர் மட்டம் சட்டென்று கீழே இறங்கியது. அவர் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். அவ்வளவு இடத்தையும் காற்று பிடித்து வைத்திருந்திருக்கிறது!

அப்போது உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது. "மகள்! மூஞ்சில நெருப்பு மாதிரி அடிக்குது!"

ஹீட்டர் சுடுகிறது. தண்ணீர் ஓடுகிறது. நான் வீதி என்றும் பார்க்காமல் துள்ளினேன். சேற்றுக் காலோடு அந்த மனிதரும் கைதட்டினார். குமிழி முழுதாக நின்ற பிறகுதான் மூடியை மூடினேன்.

சிலாபம் தாண்டினோம். நீர்கொழும்பு நெரிசலில் ஏசியும் போட்டுக்கொண்டு நின்றோம். முள் நடுவிலேயே நின்றது. நான் முள்ளைப் பார்ப்பதை விட அதிகமாக மாமிதான் பார்த்தார்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த என் கணவர், எங்களை ஸலாம் சொல்லிக் கட்டிப்பிடித்துவிட்டு, "வேன் எங்க நிக்குது?" என்று கேட்டார். தரிப்பிடத்தில் அந்தக் காரைக் கண்டதும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டார். பொனட்டில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"யாரு திருத்தினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "உன்ட பொஞ்சாதி. வழியில நானும்தான்."

திரும்பும்போது சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. முந்தலில் நிறுத்தி, அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் ஒரு பெட்டியைப் பண்ணைக்காரரிடம் கொடுத்தோம். அவர் எங்களைப் பார்ப்பதற்கு முன் பொனட்டில் கையை வைத்துப் பார்த்து, "சரி, நல்லா ஓடுது" என்று சிரித்தார்.

எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்த காருக்கு, கார் வேலை தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்ட ஒருவர்தான் வழி காட்டினார். அதனால் இன்றைக்கும் ஒரு வேலையை முடித்தேன் என்று மார்தட்டுவதற்கு முன் பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு குறைவும் வந்ததில்லை.