டேடுக்கும் டாயிக்கும் நடுவில்

“...அதெல்லாம் கெடக்கட்டும்டே. ஓட்டை விழுறதுக்கு முன்ன எத்தனை மைல் ஓடும்? அத மட்டும் சொல்லு” என்றார் அண்ணாச்சி.

அவர் உள்ளங்கையில் ஒரு பிஸ்டன் இருந்தது. மற்ற மூன்றும் என் தகரக் கொட்டகையின் பெஞ்சில், லேத்தில் கடைந்து வந்த பளபளப்போடு கிடந்தன. நான்கையும் கெடுத்தவன் நான். எப்படிக் கெடுத்தேன் என்பதைச் சொல்லிவிட்டு அவருக்குச் சொன்ன பதிலுக்கு வருகிறேன்.

அண்ணாச்சி என் கூடப் பிறந்தவர் அல்ல. தாராவியில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குள் வயதில் மூத்தவர் எல்லாரும் அண்ணாச்சிதான். இவர் பதினைந்து வருஷம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர். பச்சைத் தோலில் மயிர் கழலுவதற்காக ஊறப்போடும் தொட்டி அது. கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து, உள்ளங்கை ரேகைகள் மழுங்கிப்போயிருந்தன. “கைரேகை பாக்கிறவன் என்கிட்ட வந்தா பட்டினிதான் கெடப்பான்” என்பார். இனி தொட்டியில் இறங்கினால் விரல்கள் தங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். செம்பூருக்கும் விக்ரோலிக்கும் சரக்கு ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அந்த வரும்படி வாடகைக்கும் அரிசிக்கும் எட்டியதே பெரிது.

அப்போதுதான் பூனா வியாபாரி ஒருவர் வாரா வாரம் தோல் ஏற்றி அனுப்ப நிரந்தரமாக ஒரு வண்டி வேண்டும் என்றார். ஒரே நிபந்தனை: முழு லோடோடு பூனா வழியிலுள்ள கண்டாலா மலையை நடுவழியில் நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். மூன்று மாதம் தவணை கொடுத்து, அது முடிகிற திங்கட்கிழமையைச் சோதனை ஓட்டத்துக்குக் குறித்தார். ஏறாவிட்டால் புது லாரிக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். அண்ணாச்சியின் வண்டியோ சமதரையில் ராஜா. சயான் மேட்டிலேயே முக்கும். “ஏத்தத்துல ஆஸ்துமாக்காரன், எறக்கத்துல புதுமாப்பிள்ள” என்று அதற்கு அவரே பட்டம் கொடுத்திருந்தார்.

சீனச் சண்டைக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோன காலம். புது இன்ஜின் என்பது பேச்சுக்குக்கூட இல்லை. நான்தான் வழி சொன்னேன். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இன்ஜின் படித்தவன் அல்ல. பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அந்த வண்டி செய்த கம்பெனியே இன்னும் இரண்டு இன்ஜின்களும் செய்திருந்தது, பெரிய வேனுக்கு ஒன்று, தண்ணீர் இறைக்கும் பம்புக்கு ஒன்று. வேன் இன்ஜினின் கிராங்க், அதாவது பிஸ்டன்களை மேலும் கீழும் ஆட்டுகிற தண்டு, எங்கள் இன்ஜின் பிளாக்கில் அப்படியே உட்காரும். ஆனால் அதற்குக் கை நீளம். கை நீண்டால் பிஸ்டன் இன்னும் கீழே இறங்கி, இன்னும் கூடுதலாக மூச்சிழுக்கும். வண்டிக்கு இழுவை வரும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் இதற்கு ‘லம்பா கிராங்க்’, நீள கிராங்க், என்று பேர் வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சிக்கு விளக்கினேன். “அப்ப ஆஸ்துமாக்காரனுக்கு வேற நெஞ்சு வைக்கப் போற, அப்படித்தான?” என்றார். அப்படித்தான்.

குர்லாவில் பழைய இரும்புக் கடையொன்றில் அந்த கிராங்க் கிடைத்தது. அங்கே சாமானுக்குச் சாமான் மாற்று. எங்கள் பழைய கிராங்கையும் நான்கு பிஸ்டன்களையும் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தோம். கொடுத்ததை அன்றே வேறு ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு சங்கடம் இருந்தது. கை நீண்ட கிராங்க் பிஸ்டனைக் கீழே இறக்குகிற அளவுக்கு மேலேயும் தள்ளும். பிஸ்டன் போய் மேல் மூடியில் இடிக்கும். இடிக்காமல் இருக்க அதன் தலையைச் சீவ வேண்டும். பம்பு இன்ஜினின் பிஸ்டன் எங்கள் பிளாக்குக்குள் சரியாகப் போகும். தலையும் கனமாக இருக்கும், சீவத் தாங்கும். அந்த நான்கைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. செம்பூரில் ஒரு கடைக்காரர் சாக்குக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தபோது அண்ணாச்சி அவரைக் கும்பிட்டார்.

எவ்வளவு சீவ வேண்டும்? இரண்டு கிராங்குகளுக்கும் பிஸ்டன் ஓடும் தூரத்தில் வித்தியாசம் மூன்று சூத். சூத் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நம் ஊர் ஆசாரி நூல் என்பாரே, அதுவேதான். “வீட்டுப் பொம்பளையாளுவ முன்ன இந்த அளவச் சொல்லித் தொலச்சிராதடே” என்று அண்ணாச்சி அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். மூன்றில் பாதி மேலே, பாதி கீழே. ஆக, சீவ வேண்டியது ஒன்றரை சூத்.

தமிழில் ஒன்றரை, இரண்டரை என்று எண்ணே தன்னைச் சொல்லிவிடும். இந்தியில் ஒன்றரைக்கு டேடு, இரண்டரைக்கு டாயி. பம்பாய்க்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் எங்கள் ஆட்களின் நாக்கு இந்த இரண்டிடம் மட்டும் வழுக்கும். அண்ணாச்சி வீட்டு மதினி டேடு சேர் பாலுக்குப் பதில் டாயி சேர் வாங்கிவிட்டு, இரண்டு நாள் தெருவுக்கே பாயசம் ஊற்றினார். அந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தவன் நான்.

மாட்டுங்கா ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் லேத் வைத்திருந்த மிஸ்திரி வடக்கத்திக்காரர். “கித்னா காட்னா ஹை?” என்று கேட்டார், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று. என் மனசில் ஒன்றரை இருந்தது. வாய் “டாயி சூத்” என்றது.

அவர் பிஸ்டனுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “அரே மதராசி, ஊபர் குச் நஹீ பசேகா” என்றார். மேலே ஒன்றும் மிஞ்சாது என்கிறார். லேத்காரர்களுக்கு எங்களைப் போன்ற கொட்டகை மெக்கானிக்குகள் என்றாலே இளப்பம். எனக்குச் சுருக்கென்றது. “ஹம்கோ மாலூம் ஹை. ஆப் காட்டியே” என்றேன். எனக்குத் தெரியும், நீங்கள் வெட்டுங்கள். அதை மட்டும் பிழையில்லாத இந்தியில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் முதல் பிஸ்டனை மாட்டி கிராங்கைச் சுற்றினேன். பிளாக்கின் விளிம்போடு விளிம்பாக வந்து நிற்க வேண்டிய பிஸ்டன் ஒரு சூத் கீழேயே நின்றது. கிராங்க்தான் வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கழற்றி, தலையை நகத்தால் தட்டினேன். பொடி டப்பாவின் மூடி மாதிரிச் சத்தம் வந்தது. அப்போதுதான் வாயில் ‘டேடு’ என்ற சொல் வந்தது.

அண்ணாச்சியிடம் ஒன்றும் மறைக்கவில்லை. வாய் தவறியதையும், மிஸ்திரி எச்சரித்ததையும், நான் திமிராகப் பேசியதையும், இந்தத் தலை சூட்டில் உருகி ஓட்டை விழுந்துவிடும் என்பதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோதுதான் அவர் குறுக்கே மறித்து, எத்தனை மைல் ஓடும் என்று கேட்டார்.

“தெரியல அண்ணாச்சி. சும்மா போனா மலைக்கு இந்தப் பக்கம் பன்வேல் வரைக்கும் போவும்.”

“சும்மான்னா?”

“சரக்கு இல்லாம.”

“சரக்கு இல்லாம நான் எதுக்குடே பூனா போறேன், பொண்ணு பாக்கவா?”

என்னால் சிரிக்கவும் முடியவில்லை. “லோடோட மலையில கால் வச்சா போயிரும் அண்ணாச்சி. வேற நாலு தேடுதேன். குர்லாவுல கேக்கேன், செம்பூருக்குத் திரும்பப் போறேன்.”

“திங்கக்கெழமைக்கு எத்தனை நாள் கெடக்கு?”

“ரெண்டு.”

“ரெண்டா, டாயியா?”

அவர் கையிலிருந்த பிஸ்டனைப் பெஞ்சில் மற்ற மூன்றோடு வரிசையாக வைத்தார். வண்டியின் பின்பக்கம் போய், பூனா லோடுக்கென்று புதிதாக வாங்கியிருந்த தார்ப்பாயை எடுத்து உதறி, இன்ஜின் இல்லாமல் திறந்து கிடந்த முன்பக்கத்தின் மேல் விரித்தார். நான்கு மூலைகளையும் கயிறு போட்டு இறுக்கி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். அப்புறம், தொட்டியில் இறங்கப் போகிறவர்போல் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, தோல் கம்பெனி இருந்த திசையில் நடந்தார்.