வால்வு சூடாகும் வரை

கசிந்திருந்த கெபாசிட்டரை மாற்றி, ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் வேறு கண்ணாடி வால்வைச் செருகி, சுவிட்சைப் போட்டேன். ஹெட்போனை மாட்டியிருந்த மகள், “சத்தமே வரலயேப்பா?” என்றாள்.

“இரும்மா, வால்வு சூடாவணும்.”

வால்வு சிவந்தது. தூசி கருகும் வாடை வந்தது.

சிறுவயதில் தலத்தெரு வீட்டில் இந்த வாடை வந்தால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். எங்கள் அலறல் வெளியே கேட்கக் கூடாதென்று அப்பா முதலில் வால்வு ரேடியோவைப் போடுவார். பாட்டு வரும்வரை பெல்ட்டைக் கையில் சுற்றியபடி நிற்பார். அதற்குள் அம்மா, “ஓடுடா!” என்று என்னைக் கொல்லைக் கதவு வழியே தள்ளிவிட்டு, தான் நின்று வாங்குவாள்.

ரேடியோ பாடாவிட்டால் அடிக்க மாட்டார் என்று நம்பி, வால்வைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன். அப்பா டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். திருகியதுமே பாட்டு வந்தது. பெல்ட்டின் கொக்கி என் புருவத்தைக் கிழித்தது.

“வந்துடுச்சுப்பா!” என்றாள் மகள்.

நான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன்.