கடைசி வரிசையில் ஒரு கை

மைக் செட் தொழிலில் ஊர் பேசுவதெல்லாம் நம் காது வழியாகத்தான் போகிறது, ஆனால் ஒரு வார்த்தைகூட உள்ளே தங்குவதில்லை. ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போன சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? பேசுகிறவர் யாராக இருந்தாலும் இரைகிறதா, ஊளையிடுகிறதா என்பதுதான் நம் கவலை. கள்ளக்குறிச்சியில் மறைந்துபோன ஒரு பெரிய டாக்டர் நினைவாக, வருஷா வருஷம் வைகாசியில் புற்றுநோய் பற்றிச் சொற்பொழிவு வைக்கிறார்கள். முதல் கூட்டத்திலிருந்து அதற்கு மைக் செட் என்னுடையதுதான்.

தூக்கிய கை

என் மனைவி தனம்தான் தொழிலில் எனக்குக் கூட்டாளி. ஒயர் சுற்றுவாள், ஸ்டாண்டு தூக்குவாள். எல்லாம் மாட்டியதும் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் உட்காருவாள். மேடையிலிருந்து நான் "கேக்குதா?" என்பேன். அவள் வலது கை முழுசாக மேலே போனால் சரி, பாதியில் நின்றால் சத்தத்தை இன்னும் கூட்ட வேண்டும். நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில், அவள் கை தூக்கும்போதெல்லாம் காபி கொடுப்பவர் தட்டோடு ஓடி வந்தார். மூன்றாவது தடவை அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, காபி வாணாம்ன்றீங்க, கைய மட்டும் தூக்கிகினே இருக்கீங்க?"

கட்டைக் கரும்பு

முதல் வருஷம் பேசிய டாக்டர் படம் போட்டு விளக்கினார். உடம்பில் செல்கள் அளவோடு பெருகும், அந்த அளவு கெட்டு நிற்காமல் பெருகுவதுதான் புற்று. அறுத்து எடுத்தாலும் துளி மிச்சம் இருந்தால் திரும்ப வரலாம், அதனால்தான் மருந்தும் கதிர்வீச்சும். இதெல்லாம் மைக் செட் வேனில் திரும்பும்போது தனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் இடப்பக்கத்துப் பாக்ஸின் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணலூர்பேட்டை விவசாயி ஒருவர் எழுந்து கேட்ட கேள்விக்கு டாக்டரே கைதட்டினார். கைதட்டல் எனக்கு நன்றாகக் கேட்டது. கேள்வியையும் அவள்தான் சொன்னாள்.

"கரும்ப வெட்டுனா கட்டையிலேர்ந்து மறுக்கா மொளைக்குதே, அந்த மாதிரிங்களா சார்?"

இடது கை

மூன்றாம் வருஷம் "கேக்குதா?" என்றேன். கடைசி வரிசையில் இடது கை மேலே போனது. ஏதோ ஒரு கை, எனக்கு அது போதும். அன்று பேசிய டாக்டரம்மா, மார்பில் கட்டி இருந்தால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், அக்குளில் நெறி கட்டினாலும் உடனே காட்டுங்கள் என்று மூன்று தடவை சொன்னாராம். மூன்று தடவையும் அவர் குரல் தெளிவாகப் போகிறதா என்றுதான் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் விழாக் குழுச் செயலாளர் என் தோளைத் தட்டினார்.

"சவுண்டு சூப்பருப்பா, ஒரு எழுத்து சிந்தல."

ஆடி புக்கிங்

ஆடித் திருவிழாக்கள் முடிந்து ஆவணியில் பாக்ஸ் இறக்கும்போது, தனத்தால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எத்தனை நாளாகக் கட்டி என்று டாக்டர் கேட்டதற்கு, சித்திரையிலிருந்தே என்றாள். காட்டணும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று வராண்டாவில் நின்று கத்தினேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"வைகாசி கூட்டத்துலயே சொன்னாங்க, நீங்கதான் மைக்கு போட்டீங்க. ஆடி புக்கிங் முடியட்டும்னு நாந்தான் கம்முனு இருந்தேன்."

இந்த வைகாசி

அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் பார்த்தோம். ஒன்றரை வருஷம் இருந்தாள். பிறகு கட்டையிலிருந்து முளைத்துவிட்டது, போன தையில் போய்விட்டாள். சிகிச்சை நடந்த வருஷம் கூட்டத்துக்கு வேறு ஆளை அனுப்பினேன். இந்த வருஷம் நானே போனேன். "கேக்குதா?" என்றேன். கடைசி வரிசை காலி. இடதோ வலதோ, அந்தக் கை இன்னும் ஒரே ஒரு தரம் மேலே போகாதா என்று ஏங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பேச வேண்டியவரின் கார் உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அதற்குள் வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் வந்த கல்வராயன்மலைப் பெண்கள் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மைக் என் கையில்தான் இருந்தது. தனம் கை மாற்றித் தூக்கியதையும், ஏன் என்று நான் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "கேக்குதுங்கண்ணா. எனக்கும் ஒரு கட்டி இருக்குது, வலிக்கல. யாருகிட்ட காட்டறது?"

கூட்டத்துக்கு வந்திருந்த நர்ஸம்மாவிடம் அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். டாக்டர் வந்து பேச ஆரம்பித்தார். நான் தனத்தின் இடத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சை வார்த்தை வார்த்தையாகக் கேட்டேன். செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யோவ், மைக்கு ஊளையிடுதுய்யா, நீ இன்னா இங்க குந்திகினு பேச்சு கேக்கற?"

சத்தத்தில் ஒரு பிசிறு விழுந்தாலும் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறவன் நான் என்று கள்ளக்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.