இரண்டாவது மொட்டை

தம்பிக்கு ரத்தம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. கெட்டுப்போவதில் எனக்குத் தெரிந்தது பால்தான். வெயில் நாளில் காய்ச்ச மறந்தால் திரிந்துவிடும். கொட்டிவிட்டு வேறு வாங்க வேண்டும். தம்பிக்கும் அதுபோல வேறு ரத்தம் ஏற்றுகிறார்கள் என்று அத்தை சொன்னபோது, பிறகு எதற்காக எல்லோரும் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஸ்டேஷனுக்கும் மலைக்கும் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியைத் தூக்கிக்கொண்டு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா அங்கேயே தங்கிவிட்டாள். முதலில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி மரத்தடியில்தான் படுத்துக்கொண்டாளாம். பிறகு ஓர் அறக்கட்டளையில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து சீக்காளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கென்று அவர்கள் ஒரு விடுதி நடத்தினார்கள். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேன், வெளியில் வாங்கிவரச் சொல்லும் மருந்து என்று எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு நான் சொல்வதை வைத்து அவர்களைத் திருடர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அம்மா அந்த மாதங்களில் பட்டினி கிடக்காமல் இருந்ததும், தம்பிக்கு ஒரு ஊசிகூடத் தவறாமல் போட முடிந்ததும் அவர்களால்தான்.

என்னைப் பார்த்துக்கொள்ள நைனாவின் அக்கா பள்ளிப்பட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டோடு இருந்தாள். அத்தைக்கு டாக்டர்களை நம்பி மட்டும் இருக்க முடியவில்லை. மலைமேல் இருப்பவரிடமும் சொல்லிவைப்பது நல்லது என்று நினைத்தாள். தம்பிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றால், மருந்து ஏற்கெனவே அவன் முடியை உதிர்த்துவிட்டிருந்தது. சாமிக்குக் கொடுக்க வீட்டில் மீதி இருந்த குழந்தை முடி என்னுடையதுதான். ஒரு கிருத்திகையன்று என்னை மேலே அழைத்துப்போய் மொட்டை போட்டுச் சந்தனம் தடவி இறக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் மொட்டையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ரயிலில், கடைத்தெருவில், பள்ளிக்கூடத்தில் எங்கே பார்த்தாலும் நாலு சந்தனத் தலைகள் இருக்கும். மொட்டைத் தலையைப் பார்த்தால் வேறு விதமாக நினைக்கிற இடங்களும் உலகத்தில் உண்டு என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு நைனா என்னைத் தம்பியைப் பார்க்க அழைத்துப்போனார். ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை நான் ஒரு பெரிய துன்பக் காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் தம்பி ஊரில் இருந்ததைவிடக் கொழுகொழுவென்று இருந்தான். மருந்தினால் கன்னம் இரண்டும் உப்பி, கண் உள்ளே போயிருந்தது. தலையில் கம்பளிக் குல்லாய். என் மொட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் ரொம்பச் சந்தோஷமாகக் கேட்டான்.

"அக்கா, நீயும் ஊசி போட்டுகினியா?"

அன்று விடுதிக்கு ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை. கூடவே ஒரு போட்டோகிராபர். அறக்கட்டளையின் மேடம் அவரை ஒவ்வொரு கட்டிலாக அழைத்து வந்தார். மேடம் நல்லவர். என் தம்பியை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு சோறு ஊட்டியவர். போட்டோகிராபர் தம்பியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பியவர் என்னைப் பார்த்து நின்றார். நான் ஒல்லிக்குச்சி. முகத்தில் பாதி கண்தான் என்று அத்தை சொல்வாள்.

"இந்தப் பொண்ணு முகம் நல்லா இருக்கு மேடம்" என்றார் அவர்.

அம்மா பதறிப்போய் எழுந்தாள். "அவ பெரியவ சார். அவளுக்கு ஒன்னும் இல்ல. வேண்டுதலுக்கு மொட்ட போட்டுகினு வந்துகிறா."

மேடம் அம்மாவின் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். "தெரியும்மா. உன் பையன் முகம் வீங்கிப்போயிருக்கு. படத்துல பார்த்தா சீக்குன்னு யாரும் நம்ப மாட்டாங்க. இவ அவன் அக்காதானே? இந்தப் படத்தால கிடைக்கிற உதவி உன் பையனுக்கும், இங்க இருக்கற எல்லாப் பசங்களுக்கும்தான்."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கட்டும் மேடம்" என்றார்.

எனக்கு ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பு போட்டுவிட்டார்கள். புறங்கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். தம்பியின் கட்டிலில் தம்பியை எழுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தார்கள். எனக்கு அது பிரமாதமான விளையாட்டாக இருந்தது, சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரிக்காதே பாப்பா, சிரிக்காதே என்று போட்டோகிராபர் கெஞ்சினார். கடைசியில், அம்மாவைப் பிரிந்து ஊருக்குப் போக வேண்டுமே, அதை நினைத்துக்கொள் என்றார். நினைத்துக்கொண்டேன். அவருக்கு வேண்டிய படம் கிடைத்தது.

என்னையும் எடு, என்னையும் எடு என்று தம்பி அடம்பிடித்தான். அவனைப் பார்த்தும் ஒரு முறை வெளிச்சம் மின்னியது. உண்மையிலேயே எடுத்தாரா, சமாதானத்துக்கு மின்னவைத்தாரா என்று தெரியாது. அப்படி ஒரு படம் எங்கள் கைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகான தம்பியின் முகம் எங்கள் வீட்டில் எந்தப் படத்திலும் இல்லை.

என் முகம் எல்லா இடத்திலும் இருந்தது. என் தலையில் விரலில் பிடிக்கும் அளவுக்கு முடி வளர்ந்திருந்த நாளில் பஸ் ஸ்டாண்டு எதிரே பெரிய பேனர் ஒன்று கட்டினார்கள். எங்கள் ஊர் வியாபாரிகள் சேர்ந்து அந்த அறக்கட்டளைக்கு நிதி திரட்டியிருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வருவதற்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்து அதைக் கொடுக்கப்போகிறார்கள். பேனரில் நான் பிளாஸ்திரி ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'உங்களால் வாழ்கிறேன்' என்று என் தலைக்கு மேல் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் குழப்பம். பையனுக்கு என்றுதானே சொன்னீர்கள், பெண்ணுக்கும் வந்துவிட்டதா என்று அத்தையிடம் வந்து கேட்டார்கள். அத்தை எரிந்து விழுந்தாள்.

விழாவுக்கு முதல் நாள் மேடம் போன் செய்தார். குழந்தையை மேடைக்கு அழைத்துவர வேண்டும் என்றார். முடி வளர்ந்திருக்குமே, படத்தில் இருக்கிற மாதிரியே இருந்தால் ஜனங்களுக்குச் சட்டென்று புரியும் என்றும் சொன்னார். நைனா சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டார். அந்தப் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் வந்தது. தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, தனி ரூமில் போட்டிருக்கிறார்கள், உடனே வா என்றிருக்கிறாள். நைனா பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஜொரம் வர்றதும் போறதும்தானே? டாக்டரு பாத்துகினுதானே இருக்காரு... நாளைக்கு ஃபங்ஷன் முடிஞ்ச கையோட பாப்பாவ இட்டுகினு வந்துடறேன்... இல்லம்மே, அவங்க கூப்ட்டு எப்டி வரலன்றது? அவனுக்கு மருந்து யாரு வாங்கித் தராங்க? சொல்லு."

போனை வைத்த பிறகும் அதையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். மலைக்குப் போகிறோம் என்று நினைத்தேன். ஆட்டோ கடைத்தெருவுக்குள் திரும்பி ஒரு சலூன் முன்னால் நின்றது. சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "மேல போயி எறக்கினா சாமிக்காவது போய்ச் சேருமே, இங்க ஏன்?" என்றார்.

"டைம் இல்ல" என்றார் நைனா.

"நைனா, சாமிக்கு இல்லியா?" என்று நான் கேட்டேன்.

அவர் என் தலையைப் பிடித்துக் குனியவைத்தார். என் முடி அங்கே விழுந்து கிடந்த ஆண்களின் முடியோடு சேர்ந்து மூலைக்குப் போனது. சலூன்காரர் சந்தனம் எடுத்தார். நைனா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தலைமை தாங்க வேண்டிய நகைக்கடைக்காரர் வர நேரமாகிவிட்டது. நைனா மண்டபத்துச் சுவரோரம் நின்று போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார். ஒருவழியாக விழா தொடங்கியது. மேடத்துக்குப் பேசும்போதே குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை. எத்தனையோ பிள்ளைகளை அவர் பறிகொடுத்திருந்தார். என்னை முன்னால் நிறுத்தி, உங்களைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்தக் குழந்தை இன்று உங்கள் முன் நின்றிருக்க முடியுமா என்று கேட்டார். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சொல்லிக்கொடுத்தபடி, எல்லாருக்கும் நன்றி என்றேன். கைதட்டினார்கள். நான் மேடையில் ஏறிக் கைதட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை, மனசு நிறைந்திருந்தது. விழா முடிந்ததும் நைனா கிளம்பப் பார்த்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று வியாபாரிகள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். இலையில் இருந்ததை அவர் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிரச் சாப்பிட்டதாக நினைவில்லை. அதற்குள் ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலுக்காகத் திருத்தணி பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. நைனா எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். அப்போது விழாவுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள். அரக்கோணம் போகிறவள் போலிருக்கிறது. கைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சு எடுத்துக் கொடுத்து, என் மொட்டையில் கைவைத்தாள்.

"நூறு வருசம் நல்லா இருப்ப கண்ணு. அந்த முருகன் உன்ன கைவுட மாட்டான்."

நைனா திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் அவரிடமும், ஒன்னும் கவலப்படாதீங்க, பாப்பா கண்டத்துலேருந்து தப்பிச்சுகிச்சு என்றாள். நைனா அவளுக்குக் கைகூப்பினார். ரயில் வந்தது. ஏறினோம். சென்னை போய்ச் சேரும்வரை என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆரஞ்சை உரித்து, தம்பிக்குப் பாதி எடுத்து வைத்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நைனாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். எத்தனை முறை கூப்பிட்டேன், கடைசி வரைக்கும் நைனா எங்க, நைனா எங்கன்னு கேட்டுகினே இருந்தானே என்று அரற்றினாள். நைனா உலுக்கலுக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார். அப்புறம்தான் அவள் கண் என் தலைமேல் விழுந்தது. சட்டையை விட்டாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மொட்டையைத் தடவினாள்.

"மறுபடியும் வேண்டிகினீங்களா?" என்று கேட்டாள். "அதான் லேட்டா? சந்தனங்கூடக் காயாம கழுவிட்டு ஓடியாந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். நைனா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆங்" என்றார் நைனா.

அம்மா என் தலையில் முகத்தை வைத்து அழுதாள். ரெண்டு தபா முடி குடுத்தாளே எம் பொண்ணு, அப்பவும் உனுக்குக் கண்ணு தொறக்கலியே என்று முருகனைத் திட்டினாள். கையில் பிடித்திருந்த நைனாவை விட்டுவிட்டு, கைக்கு எட்டாத ஒருவரை அன்று திட்டத் தொடங்கினாள்.

அறக்கட்டளை வேனிலேயே தம்பியை ஊருக்குக் கொண்டுவந்தோம். அதற்கும் மேடம்தான் ஏற்பாடு செய்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பேனர் இன்னும் அவிழ்க்கப்படாமல் நின்றது. அம்மா தம்பிமேல் கவிழ்ந்து கிடந்ததால் அதைப் பார்க்கவில்லை. நைனா பார்த்தார்.

அம்மா அதன் பிறகு மலையேறவில்லை. ஆடிக் கிருத்திகையில் தெருவில் காவடி போனால் கதவைச் சாத்திக்கொள்வாள். வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்கிறாள், அக்காக்காரி இரண்டு முறை முடி கொடுத்தும் அந்தச் சாமி மனசு இரங்கவில்லை என்று. அப்போது நைனா பக்கத்தில் இருந்தால் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போவார். மலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஓட்ட. அத்தை சாகும்வரை அந்தச் சலூனைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் சொல்லவில்லை, இத்தனை காலம் கழித்து அம்மாவிடமிருந்து முருகனையும் பிடுங்கிக்கொண்டால், கோபித்துக்கொள்ள வீட்டில் இருக்கிற ஒரே மனிதர்தான் மிஞ்சுவார்.

தாழ்வாரத்தில் நைனா என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு, அம்மா அழுகிறாள், இப்போது பேசாதே என்பதுதான் அர்த்தம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நல்ல பிள்ளையாக, பையிலிருந்த பாதி ஆரஞ்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார். பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.