புதன்கிழமை, பத்து முதல் பதினொன்று

எங்கள் கோயிலில் புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சாமியார் நற்கருணையைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தில் ஏற்றுவார். மாலை ஆறு மணிக்கு எடுத்து உள்ளே வைப்பார். எங்களுக்கு அந்த அப்பம் ஆண்டவர்தான். அதுவரை அவர் முன்னால் ஆள் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேர். யாருக்கு எந்த மணி என்று மாதா கெபிக்குப் பக்கத்துச் சுவரில் தாள் ஒட்டியிருக்கும். அதை எழுதுவது செபக்குழுத் தலைவியான என் மனைவி. பத்து முதல் பதினொன்று வரை என் பெயர். என்னிடம் கேட்டு எழுதவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். விசைப்படகில் கடலுக்குப் போனேன். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். கடற்கரைக்கு ஐஸ் கொண்டுபோவேன், அங்கிருந்து மீன் பெட்டி ஏற்றுவேன். ஏலம் முடிந்தால் மத்தியானம் வரை சும்மாதான் இருப்பேன். அதனால் எல்லாருக்கும் நான் கிடைப்பேன்.

கோயிலில் உதவிக் குழு ஒன்றும் உண்டு. அதற்குத் தலைவர் டீக்கடை அண்ணாச்சி. நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, சாவு வீட்டுக்கு நாற்காலி போடுவது எல்லாம் இவர்கள். வண்டி வைத்திருப்பவன் என்று என்னை அதிலும் சேர்த்தார்கள். அதையும் என்னிடம் கேட்கவில்லை.

புதனும் சனியும் என் கூட்டாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். பதினொன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பொறுப்பார்கள். அதற்கு மேல் போனால் அடுத்து நிற்கிற ஆளுக்கு மெஷின் போய்விடும். அது தப்பு இல்லை. அங்கே நிற்கிற எல்லாருக்கும் அதே பாடுதான்.

கோயிலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். ரயில்வே கேட் மூடினால் இருபத்தைந்து. பதினொன்றுக்கு எழுந்தால் சரியாக இருக்கும். ஒன்பது மாதம் அப்படித்தான் போனது.

இதில் ஒரு பழைய காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் விளங்காது.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். நானும் அவனும் போன படகு நடுக்கடலில் இன்ஜின் பட்டுப்போய் நின்றுவிட்டது. மூன்று நாள் காற்று எங்களைக் கிழக்கே தள்ளியது. தண்ணீர் இரண்டாம் நாளே தீர்ந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கீழவைப்பார் ஊர்ப் படகு ஒன்று கண்டு இழுத்துவந்தது. அந்த மூன்று நாளும் எங்கள் தெருப் பெண்கள் ஆள் மாற்றி ஆள் மாற்றி நற்கருணை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். கரையில் நான் இறங்கியதும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஆண்டவர ஒரு நிமிசம்கூடத் தனியா விடல. அதான் வந்துட்டிய."

பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக அவன்தான் நின்றான். அவள் சொன்னதை நானும் நம்பினேன், அவனும் நம்பினான். இன்றைக்கும் நம்புகிறோம். அவள் செபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

போன வருடம் ஒரு புதன்கிழமை. என்னோடு உட்காருகிறவர் துறைமுகத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். பத்தரைக்கு அவருக்குப் போன் வந்தது. கன்டெய்னர் ஒன்று கேட்டில் நிற்கிறது, பேப்பர் சரியில்லை என்றார்கள். என்னைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டுப் போனார்.

பதினொன்று அடித்தது. அடுத்து வரவேண்டியது ரிட்டயர்டு டீச்சரம்மாவும் அவர் தங்கச்சியும். எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிடுவார்கள். அன்று வரவில்லை. சாமியார் ஆயர் இல்லத்துக்குப் போயிருந்தார். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையும் அவர்கூடப் போயிருந்தார். என் போன் ஆட்டோவில், சீட்டுக்கு அடியில். உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். கிளார்க் மட்டும் அதை மதிக்கமாட்டார்.

நற்கருணை வைக்கிற அறை கோயிலை ஒட்டியது, சின்னது. எட்டுப் பேர் உட்காரலாம். இடதுபுறம் கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியாக வாசல் தெரியும், என் ஆட்டோ தெரியும்.

பதினொன்று பத்துக்கு என் கூட்டாளி வந்தான். நான் வரவில்லை என்று இரண்டு தெரு நடந்தே வந்திருக்கிறான். கால் வீங்கி, செருப்பு போட முடியாமல் கையில் வைத்திருந்தான். ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஜன்னலைப் பார்த்தான். நான் கையைக் காட்டினேன். அவனும் கையைக் காட்டினான். இரு, இரு என்று.

கூப்பிடவில்லை. ஆண்டவர் முன்னால் இருக்கிறவனைக் கூப்பிடக் கூடாது என்று இருந்தான். நானும் எழவில்லை. ஆண்டவரைத் தனியாக விடக்கூடாது என்று இருந்தேன்.

தெருவில் ஆள் இல்லை. அந்த நேரம் கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்குவார்கள். பெண்கள் இறால் கம்பெனிக்குப் போயிருப்பார்கள். ஒரு நாய் படுத்திருந்தது. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே, பீடத்துக்கு மேலே. ஆண்டவரைப் பார்த்தால் மணியும் தெரியும்.

பதினொன்று இருபது. பதினொன்று முப்பது. நான் செபம் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. அவன் தலையை ஆட்டோக் கம்பியில் சாய்த்தான்.

அவனை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் ஓடிப் போய் யாரையாவது கூட்டிவந்திருக்கலாம். பின்னால் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். எனக்கு அது தோன்றவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தேன். நங்கூரம் பாறையில் மாட்டினால் படகு அசையாது. அது மாதிரி.

டீச்சரம்மா வரும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். துறைமுக ரோட்டில் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டதாம். அவர் சொல்லி முடிக்கும் முன் நான் வெளியே வந்துவிட்டேன்.

"வேற ஆட்டோ பிடிச்சிப் போயிருக்கலாம்லா?" என்றேன்.

"நீ இந்தா வந்துருவன்னு நெனச்சேன்."

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா."

"எப்படிலே கூப்பிட? அங்கன உக்காந்துருக்க ஆள."

மெஷின் போய்விட்டது. சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் அடுத்தது கிடைத்தது. அதுவரை வராந்தாவில் ஒரு பெஞ்சில் படுத்திருந்தான். நுரையீரலில் தண்ணீர் ஏறி மூச்சு இழுத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மெஷின் ஊசிக்காக அவன் இடது கையில் ஆபரேஷன் செய்து நரம்பைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் கை வைத்தால் ரத்தம் ஓடுவது கரகரவென்று தெரியும், படகுப் பலகையில் இன்ஜின் அதிர்வு தெரிகிற மாதிரி. அன்று முழுக்க அந்த இடத்தில் கையை வைத்தபடி பக்கத்தில் இருந்தேன்.

ஐந்து மணி வாக்கில் கண்ணைத் திறந்து கேட்டான். "ஏலே, டீச்சரு வந்துட்டாவளா?"

"வந்துட்டாவ."

"அப்ப சரி."

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பெயர் சொல்லவில்லை. நம்முடைய பங்கில் ஒரு சகோதரர், மாற்று ஆள் வராதபோதும் ஐம்பது நிமிடம் ஆண்டவரை விட்டு அசையவில்லை, இப்படிப்பட்ட விசுவாசம் வேண்டும் என்றார். யாரென்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பக்கத்தில் என் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். டீச்சரம்மா சொல்லித்தான் சாமியாருக்குத் தெரிந்திருக்கும். வெளியே ஆட்டோவில் இருந்தவன் எதற்குக் காத்திருந்தான் என்று டீச்சரம்மாவுக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி அவன் நாற்காலியில் இருந்தான். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். கேலி இல்லை. அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பூசை முடிந்ததும் டீக்கடை அண்ணாச்சி என்னை வாசலில் பிடித்தார்.

"பெரிய விசுவாசி ஆயிட்டீரே ஓய். ஆண்டவரு எங்கயும் போமாட்டாரு, அங்கனதான் இருப்பாரு. இவனுக்குத்தான் பதினொன்னரை. நீரு எந்திரிச்சிருக்கணும்வே."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "என் பேர ஒன்பது மணிக்கு மாத்து."

"அதுல நம்ம தெரு அன்பியத்துப் பொம்பளைய ரெண்டு பேரு இருக்காவ. ஒத்த ஆம்பள நீங்க போயி நடுவுல உக்காருவியளா?"

"அப்ப எடுத்துரு."

"எடுத்துட்டு யாரப் போட? அந்த டீக்கடைக்காரவுகளயா? முட்டுப்போட்டு எத்தன வருசமாச்சின்னு அவுகளக் கேளுங்க." பிறகு சொன்னாள். "ஒங்க கூட்டாளி அண்ணனுக்கு அப்படி ஆனதுல எனக்கு மட்டும் சந்தோசமா? இனிமே போன உள்ள கொண்டுபோங்க. ஆள் வரலேன்னா எனக்கு அடிங்க. நான் ஓடியாந்துருதேன்."

அவள் மூட்டு தேய்ந்துபோனவள். கட்டிலிலிருந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டும்.

சாமியாரிடமும் போனேன். நல்ல மனிதர், சின்ன வயது. இந்தக் கரைக்குப் புதிது. முழுக்கக் கேட்டார். முகம் மாறிவிட்டது. பிரசங்கத்தில் சொன்னதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"செபமும் வேணும், சேவையும் வேணும். ரெண்டையும் சமமாக் கொண்டுபோகணும், பாத்துக்கோங்க," என்றார்.

"ரெண்டும் பதினொன்னுக்கு வருது சாமி."

கோயில் கமிட்டியில் பேசிப் பார்ப்போம் என்றார். பேசினார்கள். செபக்குழு ஒரு பக்கம், உதவிக் குழு ஒரு பக்கம். ஏழு மணிக்கு ஆரம்பித்து, யார் எப்போது யாரை என்ன சொன்னார் என்பதில் முடிந்தது. என் காரியத்தை யாரும் எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. டீச்சரம்மா பத்தே முக்காலுக்கே வந்துவிடுவார். பிறகு அவருக்கே உடம்புக்கு முடியாமல் போனது. தங்கச்சி அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்தப் புதனில் பதினொன்றுக்கு யாரும் வரவில்லை. கிளார்க்குக்குக் கப்பல் வந்த நாள், அவர் காலையிலிருந்தே இல்லை.

மனைவிக்குப் போன் அடித்தேன். "வாரேன், அஞ்சே நிமிசம்," என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் ஆட்டோவில் இருந்தான். இப்போதெல்லாம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுவான், எனக்குத் தெரு சுற்றுகிற நேரம் மிச்சம் என்று. நான் கையைக் காட்டினேன். இரு, இரு என்று காட்டினான்.

பதினொன்று ஐந்து. எட்டு. அவள் வரவில்லை. பத்து ஆனது. அவன் தலையைக் கம்பியில் சாய்த்தான்.

எழுந்தேன். முட்டுப்போட்டேன். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியவில்லை. போயிட்டு வாரேன் என்று சொன்னேன். முதுகைக் காட்ட மனமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தேன். கதவில் இடித்துக்கொண்டேன். கதவைச் சாத்தவில்லை.

ஆட்டோ திரும்புகிற முனையில் அவள் எதிரே வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு. கையில் செபமாலை. எங்களைப் பார்த்தாள். ஆட்டோவில் நான் இருக்கிறேன் என்றால் உள்ளே யாரும் இல்லை. அது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சுவரை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.

"நிப்பாட்டுலே," என்றான் அவன். "திரும்பிப் போயி தங்கச்சிய எறக்கி விட்டுட்டுப் போவோம். எனக்கு ஒன்னும் இல்ல."

நான் நிறுத்தவில்லை. பக்கக் கண்ணாடியில் அவள் கொஞ்ச தூரம் தெரிந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம். நிலக்கரி வண்டி, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

"மெழுகுதிரி அணஞ்சிருக்குமோ?" என்று கேட்டான்.

"கண்ணாடிக் கூட்டுக்குள்ளதான் இருக்கு."

"ஃபேன அணச்சியா?"

"இல்ல."

கேட் திறந்ததும் வண்டியை விரட்டினேன். மெஷின் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவள் தரையில் காலை நீட்டி, உப்பை வறுத்துத் துணியில் கட்டி மூட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முட்டு இளநீர் மாதிரி வீங்கியிருந்தது.

"மெசின் கெடச்சிதா?"

"கெடச்சிது. பதினொன்னு பத்துக்குதான் எந்திரிச்சேன்."

"நான் போவும்போது பதினொன்னு இருவத்தொன்னு," என்றாள். "பதினோரு நிமிசம் ஒத்தையா இருந்துருக்காரு."

துணியை வாங்கி நான் ஒத்தடம் கொடுத்தேன். கொடுக்க விட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை பூசைக்குப் போனபோது புதுத் தாள் ஒட்டியிருந்தது. என் பெயர் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. பத்து முதல் பதினொன்று. அவள் கையெழுத்து. பதினொன்று முதல் பன்னிரண்டில் டீச்சரம்மா பெயரை அடித்து, தன் பெயரை எழுதியிருந்தாள்.

இப்போது புதன்கிழமைதோறும் ஒன்பதே முக்காலுக்கே ஆட்டோவில் அவளையும் ஏற்றிக்கொண்டு போகிறேன். பத்து முதல் பன்னிரண்டு வரை அவள் அங்கேயே இருக்கிறாள். இரண்டு மணி நேரம் அந்த முட்டோடு. எனக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் உட்காருவாள். பதினொன்று அடித்ததும் நான் எழுவேன். அவள் என்னைப் பார்ப்பதில்லை. வெளியே அவன் இருப்பான்.

எல்லாருக்கும் இப்போது சரியாகிவிட்டது. டீக்கடை அண்ணாச்சி டீக்குக் கூப்பிடுகிறார். சாமியார் முதுகில் தட்டுகிறார். நான் மட்டும் பத்து மணிக்கு உட்கார்ந்ததிலிருந்து ஜன்னலைத்தான் பார்க்கிறேன். ஆட்டோவில் ஏறினால் பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறேன்.