ஊரா காலனியா என்று கேட்காத இடங்கள்

ஜெயம் 1993இல் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்தபோது வயது இருபத்துமூன்று. போலியோவில் ஒரு கால் போன பெண். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்த பூத். சொந்த ஊர் பிரம்மதேசம். பேச வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை மாற்றலாகி வந்தவர்கள். வீட்டுக்குப் பேசி முடித்த பிறகும் போக மனமில்லாமல் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, யாரோடு பேசுவது என்று விசாரிப்பார்கள். அவர்களுக்காகவே ஜெயம் ஒரு தாளை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார்: எந்த இடத்தில், எந்தக் கிழமை, யார் கூடுகிறார்கள்.

கேள்விப்பட்டதை எழுதமாட்டார். தானே போய் ஒரு கூட்டம் முழுக்க உட்கார்ந்து பார்த்த பிறகுதான் எழுதுவார். எத்தனை படி ஏறவேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது. அதற்குக் கீழே ஒரு வரி: 'சாதி கேட்கவில்லை' அல்லது 'சாதி கேட்டார்கள்'. எங்கள் பக்கத்தில் அதை யாரும் நேராகக் கேட்பதில்லை. ஊருக்குள்ளேயா, காலனியா என்று வீட்டுக்கு வழி விசாரிப்பதுபோல் விசாரித்து ஆளை அளந்துகொள்வார்கள்; காலனி என்றால் தலித் குடியிருப்பு.

கெடாரில் முருகையன் என்றொரு விவசாயி. காது கேளாத மகள் கலைப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது கோயில் ஏறி இறங்கியவர். ஒரு பூசாரி பிள்ளையின் நாக்கில் கற்பூரம் கொளுத்தச் சொன்னான், கொளுத்தினார்கள். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தின் கோடியில் ஞாயிறு மாலைகளில் அவளைப் போன்ற இருபது பேர் கைச்சாடையில் கதையடிக்கிறார்கள் என்பதைப் பத்தொன்பது வயதுவரை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாமி சொல்லவில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை. ஜெயத்தின் தாள் சொன்னது.

செல்போன் வந்து பூத் படுத்தது. அதே கடையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் ஆக்கினார். தாள் வலைப்பூவானது.

2011இல் விழுப்புரத்துக்கு, எங்கள் பகுத்தறிவு வாசகர் வட்டத்துக்கு வந்தார். கூட்டம் செயலாளர் வெங்கடாசலத்தின் வீட்டு மொட்டைமாடியில். சாதி ஒழிப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கொதித்த மனிதர், டீ வந்ததும் ஜெயத்தின் பக்கம் திரும்பினார்.

"பிரம்மதேசத்துல ஊருக்குள்ளயாம்மா, காலனியா?"

பத்துப் பேர் இருந்தோம். பத்துப் பேரும் டீயை ஊதிக் குடித்தோம்.

மறுநாள் வலைப்பூவில் வந்தது: படி இருபத்திரண்டு, கைப்பிடி இல்லை. கடைசி பஸ் பத்து மணி. சாதி கேட்டார்கள்.

ஜெயத்தின் கடை வெங்கடாசலத்துடைய மைத்துனரின் கட்டடத்தில் இருந்தது. அந்த வரியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். தூது போனவன் நான்.

முப்பது வருடம் மேடையில் முழங்கியவர், எதிரிகள் இதைவைத்துச் சிரிப்பார்கள், நம்ம ஆளை நாமே விட்டுக்கொடுக்கலாமா என்று சுற்றிச் சுற்றிப் பேசினேன். யாருக்கோ ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுத்துக்கொண்டே ஜெயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருக்குள்ளன்னு சொல்லியிருந்தா இன்னொரு டீ குடுத்திருப்பாரு இல்ல சார்?" என்றார். பிறகு, "என்கிட்ட எடுன்னு சொல்ல பஸ் புடிச்சிக்கினு இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல, உக்காந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கலியே."

கடை போய்விடுமே என்றேன்.

"போவட்டும். நாளைக்கி ஒரு பொண்ணு நான் எழுதனத நம்பி அந்தப் படியெல்லாம் ஏறுவா. அவகிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மாதக் கடைசியில் கடை போனது. கம்ப்யூட்டர்களை மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார். வரி மட்டும் அப்படியே இருந்தது.

கடவுள் இல்லை என்று சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும்? அவர் வந்து சண்டை போடப்போவதில்லை. எதிரே டீ டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் செயலாளரைப் பார்த்து, ஏன் அப்படிக் கேட்டாய் என்று கேட்கத்தான் நாக்கு எழவில்லை. கற்பூரம் கொளுத்தியவனைத் திட்ட எங்களுக்கு என்ன யோக்கியதை?

அப்புறம் நாங்கள் நாலு பேர் வட்டத்தை விட்டு வெளியே வந்தோம். திண்டிவனத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்துத் தனியாகக் கூடுகிறோம். எங்கள் இடத்தையும் வந்து பார்த்து எழுதுங்கள் என்று ஜெயத்துக்குப் போன் செய்தேன்.

"இப்ப வர மனசில்ல சார்," என்றார். "அன்னிக்கி நீங்க நாலு பேரும் அங்கதான இருந்தீங்க."

எட்டு மாதமாகிறது. வலைப்பூவில் வாராவாரம் புது இடங்கள் சேர்கின்றன. எங்கள் பெயர் இல்லை.